வாங்கனுயி ஆற்றங்கரையிலிருந்து, நியூசிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா? போன வாரம் போனில், "அந்த ஊர் ஜனங்கள் எப்படி?" என்று கேட்டீர்கள். குளிர் அதிகம் என்று சொல்லி மழுப்பிவிட்டேன். இரண்டு வரியில் சொல்ல வராது, அதனால்தான் இந்தக் கடிதம்.

பிரசவ வார்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு தப்பு செய்தேன். இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண் ஒருத்திக்குக் குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. நான் பழக்க தோஷத்தில் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் பையைத் தேடினேன். நம் பக்கம் அது கழிவுதானே. மிட்வைஃப் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். சத்தம் போடவில்லை. "குடும்பத்தைக் கேட்டாயா?" என்றார், அவ்வளவுதான். வெளியே வந்து பார்த்தால், குழந்தையின் தாத்தா கதவோரம் நிற்கிறார், கையில் மூடி போட்ட ஒரு சின்ன மண் ஜாடி. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். ஜாடியின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, நெஞ்சோடு அணைத்தபடி லிஃப்டுக்குப் போனார். பரம்பரை நிலத்தில் கொண்டுபோய்ப் புதைப்பார்களாம். அதுவரை சாப்பாட்டுச் சாமான் இருக்கும் ஃபிரிட்ஜில் மட்டும் வைக்கக் கூடாது.

மாவோரி மொழியில் நிலத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் ஒரே சொல், ஃபெனுவா. (இந்த ஆற்றங்கரைக்காரர்கள் வாயில் அந்த 'ஃப' வராது, வெனுவா என்பார்கள். நம் நாக்குக்கு அதுதான் வசதி.) அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு நிலத்தைக் கிரயம் பேச முடியுமா, யோசித்துப் பாருங்கள். இன்னொன்று: தலை இவர்களுக்குப் புனிதம். தலைக்கு வைக்கும் தலையணையைக் காலுக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது. அதற்காகவே வார்டில் இரண்டு நிற உறை வைத்திருக்கிறோம். இதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊர் வழியாக ஓடும் வாங்கனுயி ஆறு டொங்காரிரோ மலையில் பிறந்து, 290 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது. ஆறு எங்களுடையது என்று மாவோரிகள் 1870களிலேயே மனுப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? 1903-இல் நிலக்கரிச் சுரங்கச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து, படகு போகிற ஆறுகளின் படுகையெல்லாம் அரசுக்கே என்று எழுதிக்கொண்டது. ஆற்றுக்கும் நிலக்கரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். 1938-இல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கேயும் படுகை யாருக்கு என்பதுதான் கேள்வி. படுகை வேறு, தண்ணீர் வேறு, கரை வேறு என்று எப்படிப் பிரிப்பது என்பது இவர்களுக்கு விளங்கவே இல்லை. "நான்தான் ஆறு, ஆறுதான் நான்" என்று பழமொழி வைத்திருக்கிறவர்களிடம் போய்ப் படுகைக்குப் பத்திரம் கேட்டால்?

கடைசியில் 2017-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. மலை முதல் கடல் வரை ஆறு பிரிக்க முடியாத, உயிருள்ள ஒரு முழுமை. சட்டப்படி அது ஒரு நபர். அதன் சார்பில் பேச இரண்டு பேர், ஒருவரை ஆற்றோர மாவோரிக் குலங்களும் இன்னொருவரை அரசும் நியமிக்க வேண்டும். செய்த அநியாயத்துக்கு அரசு மன்னிப்புக் கேட்டு, 8 கோடி நியூசிலாந்து டாலர் ஈடும் கொடுத்தது.

படித்ததும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. சின்ன வயதில் என்னை மடியில் உட்காரவைத்து, "கோயில் நிலத்துக்குச் சொந்தக்காரர் சாமி. ஆனால் சட்டத்தின் கண்ணில் சாமி மைனர், அதனால் வேறொருத்தர் கையெழுத்துப் போட வேண்டும்" என்பீர்களே. பத்தூர் நடராஜர் சிலை லண்டனில் மாட்டிக்கொண்டபோது கோயிலே ஒரு தரப்பாக நின்று உரிமை கேட்டு 1991-இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! கல்லுக்கும் செம்புக்கும் வழக்காடும் உரிமை நமக்குப் பழசு. இயற்கையும் சட்டப்படி ஒரு நபர்தான் என்று நம் ஹைகோர்ட் மதுரைக் கிளையே 2022-இல் சொல்லிவிட்டது. வைகைக்காகக் கையெழுத்துப் போட இன்னார் என்று யாராவது உண்டா அப்பா? தாய் என்கிறோம், பூப்போடுகிறோம், அதே கையோடு சாக்கடையையும் திருப்பி விடுகிறோம். அதற்காக நம்மை ஒரேயடியாகத் திட்டவும் மனசு வரவில்லை. நம் மதுரை யானைமலையைச் சிற்ப நகரமாக்கக் கிளம்பியபோது ஊரே திரண்டு தடுத்ததே.

இங்கேயும் எல்லாரும் மகான்கள் இல்லை. மாவோரிகளின் முன்னோர் வந்து சில தலைமுறைக்குள் மோவா என்ற ராட்சசப் பறவையை ஒன்று விடாமல் வேட்டையாடித் தின்றுவிட்டார்கள். ஆறு ஒரு நபர் என்று சட்டம் வந்த பிறகும், அதன் தலைமாட்டிலிருந்து ஒரு பங்குத் தண்ணீரை மின்சாரத்துக்குத் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வெள்ளைக்காரர்களின் இயற்கைப் பாசம் இன்னொரு தினுசு. ஆதியில் வௌவாலைத் தவிர தரையில் பாலூட்டியே இல்லாத நாடு இது. அதனால் பறவைகள் பயமில்லாமல் தரையில் முட்டையிடும். ரோமத்துக்காக 1837-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து போசம் என்ற பிராணியைக் கொண்டுவந்தார்கள். எலி கப்பலில் தானாக வந்தது. முட்டையையும் குஞ்சையும் தின்னும் இவை அத்தனையையும் 2050-க்குள் ஒழிப்பது இப்போது அரசாங்கத் திட்டம். என்னோடு வேலை செய்யும் பெண், பச்சைக் குழந்தையைப் பூவாட்டம் தூக்குகிறவள், நைட் ட்யூட்டி முடிந்து போகும்போது "பொறியில் எத்தனை விழுந்திருக்கோ" என்று உற்சாகமாகப் போகிறாள். எனக்கு முதலில் வயிற்றைப் புரட்டியது. இப்போது நானே எண்ணிக்கை கேட்கிறேன்.

சரி, ஒரு உதவி வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு வரவேற்பு நடக்கப்போகிறது. அதில் பெபெஹா சொல்ல வேண்டும். மாவோரிகள் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முறை அது. முதலில் என் மலை இது, அப்புறம் என் ஆறு இது, என் குலம் இது, பெயர் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். நானும் வாங்கனுயியையே சொல்லிவிடட்டுமா என்று மிட்வைஃப் அக்காவிடம் கேட்டேன். "அது எங்களுடையது. உனக்கு ஒன்று இல்லாமலா இருக்கும்?" என்று சிரித்தார். யானைமலை, வைகை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்கு மேல் ஓடவில்லை. தம்பி ஆஸ்பத்திரியில் பிறந்தான், நான் பாட்டி வீட்டில்தானே? என் நஞ்சுக்கொடியைக் கொல்லையில் புதைத்ததாகப் பாட்டி எப்போதோ சொன்ன ஞாபகம். கிணற்றுப் பக்கமா, மாட்டுக் கொட்டகைப் பக்கமா? அம்மாவிடம் கேளுங்கள். வரவேற்பு 18-ஆம் தேதி, அதற்குள் உங்கள் பதில் கடிதம் வந்து சேராது. போனிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்