அந்தத் தொப்பி போட்டோ

அன்புள்ள கண்ணு,

சிகாகோவில் கேங்ஸ்டர் டூர் பஸ்ஸில் போய் எடுத்த போட்டோ வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துக் கள்ளச்சாராயக் கும்பல் தலைவன் அல் கபோன் மாதிரித் தொப்பி உனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன்.

கிளார்க் தெரு கதையை டூரில் சொல்லியிருப்பார்கள். 1929 பிப்ரவரி 14 அன்று கராஜ் சுவரோரம் ஏழு பேரை நிறுத்திச் சுட்டார்கள். சுட வந்தவர்களில் இருவர் போலீஸ் உடுப்பில் இருந்தார்கள். செத்தவர்களில் ஒருத்தர் வண்டி ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். கபோன் கும்பல் மேல் சந்தேகம் இருந்தும் அந்தக் கொலைகளுக்காக யாருமே தண்டிக்கப்படவில்லை. கபோனுக்கு 1931-ல் 11 வருஷம் கிடைத்தது, அதுவும் வருமான வரி ஏய்ப்புக்கு.

அமெரிக்காவில் மதுவிலக்கு கேட்டுப் பல வருஷம் போராடியவர்களில் பெண்கள் நிறைய. புருஷன் கூலியை சாராயக்கடையில் விட்டுவிட்டு வந்தால் வீட்டில் உலை எப்படி வைப்பது? அங்கே இருந்திருந்தால் நானும் அவர்களோடு போய் நின்றிருப்பேன். 1920 ஜனவரியில் சட்டம் அமலுக்கு வந்தது. காய்ச்சுவதும் விற்பதும் கடத்துவதும்தான் குற்றம், குடிப்பது குற்றமில்லை. குடிக்கிறவர்கள் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வியாபாரம் மொத்தமும் கும்பல்கள் கைக்குப் போனது, போலீசுக்கு மாமூல் போனது.

எனக்கு ஆறாதது அவர்கள் விற்ற சரக்குதான். தொழிற்சாலைக்கான சாராயத்தை யாரும் குடிக்கக்கூடாது என்று அதில் விஷம் கலப்பார்கள். கும்பல்கள் அதைத் திருடி, கெமிஸ்ட் வைத்து அரைகுறையாகச் சுத்தம் பண்ணி விற்றன. அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? அதில் கலக்கிற மெத்தனால் என்ற விஷத்தை இன்னும் கூட்டியது. 1926 கிறிஸ்துமஸ் சமயம் நியூயார்க் பெல்வியூ ஆஸ்பத்திரிக்கு விஷச் சரக்கு குடித்த ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பிணப் பரிசோதனை அதிகாரி சார்லஸ் நாரிஸ் அரசைப் பகிரங்கமாகக் குற்றம் சொன்னார். நல்ல சரக்கு வாங்கக் காசில்லாதவர்கள்தான் சாகிறார்கள் என்றும் சொன்னார்.

நான் ஜி.எச்.சில் நைட் டியூட்டி பார்த்த காலத்தில், கள்ளச்சாராயம் குடித்து வந்த ஒருத்தர் "சிஸ்டர், லைட்டைப் போடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வார்டில் எல்லா டியூப்லைட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த விஷம் கண் நரம்பைப் பிடித்துவிடும். போட்டாச்சுங்க, போட்டாச்சுங்க என்று சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விடிவதற்குள் போய்விட்டார். அவர் செருப்பை நான்தான் அவர் சம்சாரம் கையில் கொடுத்தேன்.

1933 டிசம்பரில் அங்கே சட்டத்தை எடுத்துவிட்டார்கள். பெல்வியூவுக்கு வந்தவர்களுக்கு எந்த ஊரிலும் டூர் பஸ் ஓடவில்லை கண்ணு.

அப்பா உன் போட்டோவை ஃப்ரேம் போட வேண்டும் என்கிறார். நான் இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லை. தொப்பி இல்லாமல் ஒன்று எடுத்து அனுப்பு, கூடத்தில் மாட்டிவிடுகிறேன்.

உன் அம்மா