மரியானும் மார்கரிட்டாவும் விரும்பி ஏற்ற வறுமை

ஆண்டவருக்குள் அன்பான ஆயர்களுக்கும், திருச்சபை மருத்துவமனைகளின் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

மே 12 வந்தால் செவிலியர் தின ஆராதனை வைக்கிறீர்கள். மெழுகுவர்த்தி, ஆளுக்கொரு ரோஜாப்பூ, கேக், அப்புறம் ஒரு தியாகக் கதை. போன முறை பிரசங்கியார் சொன்னது சொரோக் தீவின் இரண்டு நர்ஸ்களின் கதை. நல்ல கதைதான். அதைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்பதால் இந்த மடல்.

சொரோக் தீவு தென் கொரியாவின் தெற்குக் கடலோரத்தில் இருக்கிறது. அப்போது கொரியாவை ஆண்ட ஜப்பானிய ஆட்சி 1916-ல் அங்கே தொழுநோயாளிகளுக்கு மருத்துவமனை கட்டியது. பேர்தான் மருத்துவமனை. பிடித்துவந்து அடைத்தார்கள், வேலை வாங்கினார்கள், பிள்ளை பெறாதபடி அறுவை செய்தார்கள். நோயில்லாத பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தார்கள். மாதம் ஒருமுறை சாலையின் இந்தப் பக்கம் பெற்றோர், அந்தப் பக்கம் பிள்ளைகள். காற்றில் நோய் வந்துவிடும் என்று, பிள்ளைகள் பக்கமிருந்து காற்று வீசும்படி பார்த்து நிறுத்தினார்கள். ஜப்பானியர் போன பிறகும் பல வருஷம் இப்படித்தான் நடந்தது.

ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் நர்ஸ் படிப்பு முடித்த மரியான் ஸ்டோகரும் மார்கரிட்டா பிசாரெக்கும் 1960-களில் அங்கே போனார்கள். இருவரும் கத்தோலிக்கர்கள். கன்னியாஸ்திரிகள் என்றே பலர் நினைத்தார்கள், இல்லை, பொதுநிலையினர். மற்றவர்கள் முகக்கவசமும் கையுறையும் போட்டுத் தள்ளி நின்றபோது, இவர்கள் வெறுங்கையால் புண்ணைத் தொட்டு மருந்து போட்டார்கள். நோயாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காலையில் பால் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தொழுநோய்க் காலுக்கு டிரெஸ்ஸிங் செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். உணர்ச்சி இல்லாத பாதத்தில் ஆணி ஏறியது கூட நோயாளிக்குத் தெரிந்திருக்காது. தண்ணீரில் ஊறவைத்து, காய்த்த தோலைச் சுரண்டி எடுத்து, எண்ணெய் தடவிக் கட்டும்வரை நம் முகம் சுளிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

கொரிய மருத்துவமனையிடம் அவர்கள் சம்பளம் வாங்கவில்லை. சொந்த நாட்டுப் பெண்கள் அனுப்பிய உதவியில் வாழ்ந்தார்கள், அதிலும் பெரும்பகுதி நோயாளிகளுக்கே போனது. பிரசங்கியார் இந்த இடத்தில் குரலை உயர்த்தி, “நீங்களும் அப்படி” என்று நர்ஸ்களான எங்களைப் பார்த்தார்.

அவர் சொல்லாத மீதி இது. சுமார் 40 வருஷம் கழித்து, 2005 நவம்பரில், ஒரு கடிதத்தை வைத்துவிட்டு இருவரும் சொல்லாமல் ஊர் திரும்பினார்கள். வயதாகிவிட்டது, இனி வேலை செய்ய முடியாது, பாரமாக இருக்க விரும்பவில்லை என்று எழுதியிருந்தார்கள். 2016-ல் கொரியா அவர்களுக்குக் கௌரவக் குடியுரிமை தந்தது. மார்கரிட்டா கடைசி வருஷங்களைத் தன் நாட்டில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கழித்து, 2023-ல் 88 வயதில் இறந்தார். உடலை மருத்துவப் படிப்புக்குக் கொடுத்துவிட்டார்.

ஐயா, அவர்களுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது. முதுமையைத் தாங்கும் நாடு இருந்தது. அந்த வறுமையை அவர்களே விரும்பி ஏற்றார்கள். எந்த நிர்வாகக் குழுவும் தீர்மானம் போட்டு அவர்கள் தலையில் கட்டவில்லை. நம் வார்டில் இரவு முழுக்க நிற்கிற பெண்ணுக்கு ஊரில் படிப்புக் கடன், தம்பியின் கல்லூரிக் கட்டணம், மூட்டுவலிக்கார அம்மா. அவள் தியாகம் செய்யக் கிளம்பவில்லை, வேலைக்கு வந்திருக்கிறாள். விசுவாசமும் அவளுக்கு இருக்கிறது. இல்லையென்றால் இரவு டியூட்டியை அடுத்த ஆளிடம் ஒப்படைத்த பிறகும் வாந்தியெடுத்த கிழவியின் நைட்டியை மாற்றிவிட்டு, யாரும் பார்க்காதபோது அவர் தலைமாட்டில் ஜெபம் பண்ண மாட்டாள்.

சம்பளக் கணக்குக்கு வருகிறேன். உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதன் பேரில் மத்திய அரசின் நிபுணர் குழு பரிந்துரை தந்தது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். பக்கத்துக் கேரளாவில் போராடி, 2018-ல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 20,000 ஆக்கினார்கள். நான் வேலை பார்த்த ஒரு மிஷன் மருத்துவமனையில் இந்தப் பேச்சை எடுத்தபோது “ஊழியத்துக்கு வந்துவிட்டுக் கூலி கேட்பதா?” என்றார்கள். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களின் அசல் சான்றிதழ்கள், இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டு முடியும்வரை, அலுவலக பீரோவில் பூட்டிக் கிடந்தன. சான்றிதழைப் பூட்டி வைத்து வாங்குவதை எந்தக் கணக்கில் ஊழியம் என்பது?

பணமில்லை என்பது பல இடங்களில் உண்மைதான். வெளிநாட்டு உதவி வற்றிவிட்டது, ஏழை நோயாளியிடம் பில்லைக் குறைக்கிறீர்கள், அதை மதிக்கிறேன். சரி, அப்படியானால் அந்தச் சுமையை டாக்டர், மேனேஜர், ஆயர் எல்லாரும் சேர்ந்து சுமக்கட்டும். புதுக் கட்டிடத் திறப்பு விழாவுக்கும் கல்வெட்டுக்கும் காசு கிடைத்து, நைட் டியூட்டிக்கு இன்னொரு ஆள் போட மட்டும் கிடைக்காமல் போவது எங்களுக்குப் புரியவில்லை. யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், அறுவடை செய்தவர்களின் பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று வருகிறதே, அதை எந்தச் செவிலியர் தினத்திலும் நான் கேட்டதில்லை.

அடுத்த மே மாதத்துக்குள் பூட்டி வைத்த சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுங்கள். பி.எஃப். பணத்தை மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுங்கள். நர்ஸ்களின் சம்பள விவரத்தையும் மருத்துவமனையின் வரவு செலவையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஆராதனைக்கு நாங்கள் எப்போதும்போல வருவோம்.

ஆண்டவருடைய பணியில்,
ஓய்வுபெற்ற ஒரு மிஷன் மருத்துவமனை நர்ஸ்