கானாடுகாத்தானுக்கு எந்தச் சொல்?

காரைக்குடி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள நண்பனுக்கு,

மூன்று மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், பொறுத்துக்கொள். இங்கே அனைவரும் நலம். பெரியாச்சி இன்னமும் உன்னைப் 'பணியாரத் திருடன்' என்றுதான் விசாரிக்கிறார்கள்.

இன்று எழுத உட்காரவைத்தது பேத்தியின் கேள்வி. ஆங்கிலப் பாடத்தில் 'ரயில் காரைக்குடியில் நிற்கிறது' என்பதற்கு 'அட்' (at) என்றும், 'தாத்தா காரைக்குடியில் இருக்கிறார்' என்பதற்கு 'இன்' (in) என்றும் எழுதிவிட்டு, ஒரே ஊருக்கு ஏன் இரண்டு சொல் என்று கேட்டாள். பெரிய ஊருக்கு 'இன்', சிற்றூருக்கு 'அட்' என்றல்லவா நாம் படித்தோம்? அதையே நானும் முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொன்னேன். பக்கத்துச் சிற்றூரான கானாடுகாத்தானில் வசிப்பதாக 'இன்' போட்டு எழுதிய பிள்ளைகளுக்குச் சிவப்பு மையால் அடித்து மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அவர்கள் எழுதியதே சரி என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

ஊரின் அளவு அன்று, நாம் அதைப் பார்க்கும் விதமே சொல்லைத் தீர்மானிக்கிறது. ஓடுகிற ரயிலுக்கு ஊர் என்பது வழியில் ஒரு புள்ளி; சென்னையே ஆனாலும் 'அட்'தான். குடியிருப்பவனுக்கோ அது தன்னைச் சூழ்ந்திருக்கும் இடம். எத்தனை சிறிய ஊரானாலும் 'இன்'.

மறுநாள் அவளை வீட்டுக்குள்ளேயே நடத்திக் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்தால் 'ஆன்' (on), நிலைவாசலில் காத்திருந்தால் 'அட்', வீட்டின் நடுவே முற்றமுள்ள வளவில் மிளகாய் காய்ந்தால் 'இன்'. இரண்டாம் கட்டின் மூலையில் ஆச்சி வைத்திருக்கும் ஊறுகாய்ச் சாடிக்கு 'இன்'. தெருமூலையில் நிற்கும் பூக்காரிக்கு 'அட்'. இரண்டும் மூலைதான், ஆனால் அறையின் மூலை சாடியை இருபுறமும் அணைத்துக்கொள்கிறது, தெருவின் மூலை இரு தெருக்கள் கூடுகிற ஓரிடம். பேருந்துக்கு 'ஆன்', காருக்கு 'இன்' என்றபோது மட்டும் அவள் ஒப்பவில்லை. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கு 'ஆன்' என்று வைத்துக்கொள் என்றேன், பெரும்பாலும் பொருந்துகிறது.

தமிழில் இடத்தைக் குறிக்கும் ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் 28 உருபுகளை அடுக்குகிறது; நம் பேச்சிலோ திண்ணைக்கும் வாசலுக்கும் வளவுக்கும் 'இல்' ஒன்றே போதுமானதாக இருக்கிறது. அந்த 'இல்'லை மட்டும் கையில் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னால் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு தேர்ந்தெடுக்கும்?

உன் பேரனுக்கு நீயே ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து அந்த அளவு விதியை அவனிடம் சொல்லாதே. உங்கள் பினாங்கையே எடுத்துக்கொள்: பினாங்கில் வசிக்கிறேன் என்றால் 'இன்', பினாங்குத் தீவில் என்றால் 'ஆன்'. அவனைக் கடற்கரைக்கு அழைத்துப்போய்ச் சொல்.

அன்று மதிப்பெண் இழந்தவர்களில் இருவர் இப்போதும் கானாடுகாத்தானில் இருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்து, நீங்கள் எழுதியதே சரி என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்