சப் கொந்தராத்துக்குக் குடுத்தாலும் சைட் உங்கடதான்

கொழும்பில ரெண்டர் எடுத்து வன்னியில கட்டிடம் கட்டுற கொம்பனி மனேஜ்மென்ற் ஆக்களுக்கு,

வணக்கம். ஒட்டுசுட்டானில இருந்து எழுதுறன். சைட் வாசல் போர்ட்டில உங்கட பேர்தான் பெரிசா இருக்கு, ஆனா வெயிலுக்க நிண்டு கம்பி கட்டுற பொடியனிட்ட நீ ஆரின்ர ஆள் எண்டு கேட்டா உங்கட பேரும் வராது, சப் எடுத்தவரின்ர பேரும் வராது, அவரிட்ட சப் எடுத்து ஆள் வைச்சு வேலை செய்விக்கிற பாஸின்ர பேரைத்தான் சொல்லுவான்.

எங்கட ஊர்ப் பொடியன் ஒருத்தன் பூச்சு வேலையில பலகைத் தட்டால விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு கிடக்கிறான். பாதுகாப்பு பெல்ற் குடுக்கேல்ல. பாஸின்ர போன் ஓஃப், சப் எடுத்தவர் அவன் என்ர ஆளில்லை எண்டிட்டார், உங்கட ஒபிசுக்கு எடுத்தா சப்போட கதைக்கட்டாம். ரெண்டு பிள்ளையளோட அந்த மனுசி ஆரிட்டப் போறது?

எங்களுக்குத் தெரியாது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. அதே சப் போட்ட கொன்கிரீட்டில உறுதி பாக்கிற கியூப் கட்டி எடுத்து 7 நாளிலயும் 28 நாளிலயும் உடைச்சுப் பாக்கிறியள், கம்பி இடைவெளி அளக்கிறியள், வேலை பிழைச்சா பிடிக்கவெண்டு பில்லில ரிடென்ஷன் காசும் மறிச்சு வைக்கிறியள். இவ்வளவும் பாக்கத் தெரிஞ்ச உங்களுக்கு அதைப் போட்டவனுக்குச் சம்பளம் போய்ச் சேந்ததோ, முதலாளி கட்டவேண்டிய சேமலாப நிதி ஈபிஎஃப் 12 வீதமும் நம்பிக்கை நிதி ஈடிஎஃப் 3 வீதமும் கட்டினதோ எண்டு பாக்க ஏலாதோ? ஏலும். பாத்தா ரேட் கூடும், அதுதான் விசயம். ரெண்டருக்காக நீங்கள் விலையைக் குறைச்சுப் போட அது ஒவ்வொரு கையா கீழ இறங்கி கடைசில பெல்ற்றிலயும் சம்பளத்திலயும்தான் வெட்டு விழுது.

2013 இல பங்களாதேசில ராணா பிளாசா எண்ட உடுப்புத் தைக்கிற பக்டரிக் கட்டிடம் இடிஞ்சு 1,134 பேர் செத்தவை. எங்கட உடுப்பு அங்க தைக்கேல்ல எண்டு சொன்ன வெளிநாட்டுக் கொம்பனியின்ர லேபலும் இடிபாட்டுக்க கிடந்தது, அவ்வளவு சனம் செத்தாப் பிறகுதான் கொம்பனியள் பக்டரிப் பாதுகாப்புக்கெண்டு சட்டப்படி கட்டுப்படுற உடன்படிக்கையில கையெழுத்து வைச்சவை. இங்கயும் அப்பிடிச் சாவு விழுமட்டும் பாத்துக்கொண்டு இருக்கப்போறியளோ?

சப்பின்ர பில்லை பாஸ் பண்ண முதல் வேலையாக்கள் கையெழுத்து வைச்ச சம்பளச் சீற்றும் ஈபிஎஃப் கட்டின துண்டும் கேளுங்கோ. ஆரும் விழுந்தா முதல் செலவை நீங்கள் குடுங்கோ, பிறகு ரிடென்ஷனில கழியுங்கோ. சப்பைத் தெரிஞ்செடுத்த மனேஜரின்ர பேரும் போன் நம்பரும் போர்ட்டில தமிழில இருக்கவேணும், பதில் சொல்லவேண்டியது அவர்தான்.

அந்தப் பொடியனின்ர ஆஸ்பத்திரித் துண்டுகளை உங்கட ஒபிசுக்குப் பதிவுத் தபாலில அனுப்பியிருக்கிறம், பதிலை எழுத்தில தாங்கோ.