ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் யார் பெயர்?

மதிப்பிற்குரிய அறக்கட்டளை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதக் கூட்டத்தில் தாங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. ஆசிரியப் பயிற்சிப் பட்டமோ பட்டயமோ பெறாத எவரும் வரும் ஜூன் முதல் நம் பள்ளியில் வகுப்பு எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். இதற்கான பதிலைத் தங்களுக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் நம் பெற்றோரும், நம் ஏற்காட்டு மலை அடிவாரத்திலும் சேலம் நகரத்திலும் இதே போன்ற சிறு பள்ளிகளை நடத்துவோரும் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருப்பதால், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தீர்மானத்தின் விதை எங்கே விழுந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பிப்ரவரியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், நம் ஆசிரியர்கள் எந்தெந்தத் துறைகளிலிருந்து வந்தவர்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்: மென்பொருள், கட்டடக்கலை, வங்கி, பரதநாட்டியம். அப்போது கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தந்தை ஒருவர் எழுந்து, கைப்பழக்கம் இல்லாத ஆளைத் தன் பட்டறையில் வெள்ளியைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதவே விடமாட்டேன் என்றும், தன் பிள்ளையை மட்டும் எப்படி அப்படிப்பட்டவரிடம் விடுவது என்றும் கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதற்குச் சான்றாக நானே அங்கே உட்கார்ந்திருந்தேன்.

நான் ஆத்தூர் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவள். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தபோது முதல் வகுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். நம் பள்ளி பின்பற்றும் வால்டோர்ஃப் கல்வி முறையில் முதல் வகுப்பின் முதல் பாடம் எழுத்தன்று. ஒரு நேர்கோடும் ஒரு வளைகோடும்தான். பிள்ளைகள் அதைக் காற்றில் வரைந்து, தரையில் நடந்து பார்த்து, பிறகு பெரிய தாளில் மெழுகு வண்ணத்தால் இழுப்பார்கள். ஒரு பெண் குழந்தையின் வளைவு பாதியில் நடுங்கி உடைந்திருந்தது. ஒன்பது ஆண்டுப் பழக்கம் என் கையை முந்திக்கொண்டது. சிவப்புப் பென்சிலை எடுத்து உடைந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டேன். மறுநாள் முதல் அந்தக் குழந்தை தாளின் ஒரு மூலையில், கட்டைவிரல் அளவுக்குத்தான் வரைந்தாள். பிழை பிடிக்கும் அளவுக்கு இடம் தராமல் வரையக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்பது எனக்குப் புரியவே மூன்று வாரங்கள் ஆயின. அவள் கோடு மறுபடி தாள் முழுக்கப் பரவியது தீபாவளிக்குப் பிறகுதான்.

அதைக் கண்டுபிடித்தது நானும் அல்ல. அந்தப் பருவம் முழுவதும் வாரத்தில் இரண்டு நாள் என் வகுப்பின் கடைசி வரிசையில் மூத்த ஆசிரியை ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் அந்தத் தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பி வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். அப்படி ஒருவர் கூட உட்காரும் ஏற்பாட்டை நான்கு ஆண்டுகளுக்கு முன் செலவுக் கணக்குக் காட்டி நாம் நிறுத்திவிட்டோம். இன்று எழுந்திருக்கும் குறைகளில் பாதி, பட்டம் இல்லாததால் வந்தவை அல்ல, அந்தக் கடைசி வரிசை நாற்காலி காலியாக இருப்பதால் வந்தவை என்பது என் கணிப்பு.

பழைய வேலை பயன்படாமலும் போகவில்லை. ஒரே வகுப்பாசிரியர் முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளோடு கூடவே போவது இம்முறையின் வழக்கம் என்பதால், அதே பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பில் நீரழுத்தமும் மிதப்பும் நான்தான் நடத்தினேன். காலை இரண்டு மணி நேரம், ஒரே பாடம், மூன்று வாரம். ஜவ்வரிசிக்கு மூலப்பொருளான குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு, ஒரு மூட்டை வரவழைத்து, ஆலையில் செய்வது போலவே காற்றில் ஒரு முறையும் தண்ணீரில் மூழ்கடித்து ஒரு முறையும் எடை பார்த்தோம். மாவுச்சத்து மிகுந்த கிழங்கு அடர்த்தியானது. தண்ணீருக்குள் தன் எடையைக் குறைவாகவே இழக்கும். அந்த வேறுபாட்டை வைத்துத்தான் மாவுச்சத்தின் அளவைக் குறிக்கும் பாயிண்ட் போடுகிறார்கள், அந்தப் பாயிண்ட்டை வைத்துத்தான் விவசாயிக்குக் காசு. கிழங்கு போடும் வீட்டுப் பையன் ஒருவன், "அப்படின்னா எங்கப்பாவுக்குப் போட்ட பாயிண்ட் சரியான்னு நாமளே பாக்கலாமா அக்கா?" என்று கேட்டான். பாடநூலில் ஆர்க்கிமிடீசைப் படித்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. ஆனால் என் கணக்கர் அனுபவம் பாடமாக மாற ஏழு ஆண்டுகள் பிடித்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்த முறை பிறந்த இடத்திலும் இதே கேள்வி இருந்தது. 1919 செப்டம்பர் 7 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், வால்டோர்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலையின் உரிமையாளர் எமில் மோல்ட் தம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. ஆலைக்கு வெளியிலிருந்தும் சேர்ந்து மொத்தம் 256 பிள்ளைகள். இம்முறையை வகுத்த ருடால்ஃப் ஸ்டைனர் வருங்கால ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது ஆகஸ்ட் 21 முதல் ஏறத்தாழ இரண்டு வாரம் மட்டுமே. அவர்களில் கார்ல் ஸ்டாக்மயர் முறையாகப் பயின்ற ஆசிரியர். ஹெர்பர்ட் ஹான் மொழி அறிஞர், அதற்கு முன் ஆலைத் தொழிலாளர்களுக்கே வகுப்பு நடத்தியவர். வால்டர் ஜோஹன்னஸ் ஸ்டைன் கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டு வந்தவர், அவருக்கு ஸ்டைனர் கொடுத்ததோ வரலாறும் இலக்கியமும். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த ஆய்கன் கோலிஸ்கோ மருத்துவர். ஸ்டைனரே வியன்னாவில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, மூளையில் நீர் கோத்த ஒரு சிறுவனுக்கு வீட்டில் ஆறு ஆண்டுகள் பாடம் சொல்லி, பிறகு பெர்லினில் தொழிலாளர் கல்விப் பள்ளியில் கற்பித்தவர்தான். இரண்டு வாரப் பயிற்சியை நாம் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பள்ளி தொடங்கிய பிறகும் அவர்கள் வாரந்தோறும் கூடிக் குழந்தைகளைப் பற்றியே பேசினார்கள், ஸ்டைனர் அடிக்கடி வந்து வகுப்புகளில் அமர்ந்தார், உண்மையான பயிற்சி அதுதான். நம் வியாழக்கிழமைக் கூட்டமோ பேருந்துக் கட்டணத்திலேயே முடிந்துவிடுகிறது.

இனிச் சட்டம். தங்கள் அச்சம் வெறும் அச்சமல்ல என்பதை நான் அறிவேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவும், அதையொட்டி 2010 ஆகஸ்ட் 23 அன்று வந்த அறிவிக்கையும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்குக் குறைந்தபட்சத் தகுதியை வகுத்துள்ளன. தகுதித்தேர்வும் அதில் அடக்கம். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களில் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, நம்மைப் போன்ற பள்ளிகள் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. வகுப்பாசிரியர்களைப் பொறுத்தவரை தங்கள் தீர்மானத்தோடு எனக்கு வழக்கில்லை. என் பட்டயத்தை அஞ்சல் வழியில், இரண்டாம் வகுப்பு நடத்திக்கொண்டே முடித்தேன். கட்டணம் என் கைக்காசு, தேர்வு நாட்கள் சம்பளமில்லா விடுப்பு. இனி வருவோருக்கு அந்த இரண்டையும் பள்ளி ஏற்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஆனால் அதே சட்டத்தின் அட்டவணை இன்னொன்றும் சொல்கிறது. ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை, உடல்நலமும் உடற்கல்வியும், தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது. நம் பள்ளியில் அத்தனை பிள்ளைகள் இல்லை. ஆயினும் கைத்தொழில் கற்பிப்பவரும் வகுப்பாசிரியரும் ஒருவரே அல்லர் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். தமிழ்நாட்டில் 2012இல் இதற்காக 16,549 பேர் அமர்த்தப்பட்டார்கள். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். ஓவியமும் தையலும் தெரிந்தவர்கள் அந்தப் பணத்தில் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்பது தனிக் கதை. நம் பள்ளியின் கதையும் அதிலிருந்து வெகுதூரம் இல்லை.

இதுவே நான் சொல்ல வந்தது. பல பின்புலங்களிலிருந்து வந்த ஆசிரியர்கள் என்று நாம் மேடையில் சொல்கிறோம். ஆசிரியர் அறையில் இருக்கும் பதினான்கு பேரை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பேர் பெங்களூரிலோ சென்னையிலோ சம்பாதித்த சேமிப்போடு வந்தவர்கள். மூவருக்கு வீட்டில் இன்னொரு சம்பளம் வருகிறது, அந்த மூவரில் நானும் ஒருத்தி. நாம் தரும் ஊதியத்தில் வேறு பெரும்பாலோரால் இங்கே வேலை பார்க்க முடியாது. துறைகள் வேறு வேறாக இருக்கலாம், நாங்கள் புறப்பட்டு வந்த வீடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அம்மாப்பேட்டைத் தறிக்காரரும் இளம்பிள்ளை நெசவாளியும் இந்தப் பட்டியலில் இல்லை. இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களில் ஒரே ஒருவர் இருக்கிறார், அவர் பெயர் ஆசிரியர் பதிவேட்டில் அல்ல, பராமரிப்புப் பணியாளர் பதிவேட்டில் இருக்கிறது.

அவரைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள்; பார்வையாளர் வரும் நாட்களில் தேநீர் கொண்டுவருபவர். இவ்வாண்டு என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேளாண்மைப் பாடம். ஆடியில் சாமை விதைத்தது முதல் அறுத்துக் குத்தியது வரை உண்மையில் நடத்தியவர் அவர்தான், நான் பாட்டும் படமும் குறிப்பேடும் பார்த்துக்கொண்டேன். புடைக்கும் நாளில், வகுப்பில் ஐந்து நிமிடம் உட்காராத பையன் ஒருவன் முறத்தை வாங்கி இரண்டே வீச்சில் பாதித் தானியத்தை மண்ணில் கொட்டிவிட்டான். நானாக இருந்தால் முறத்தை வாங்கிச் செய்து காட்டியிருப்பேன். அவர் வாங்கவில்லை. அவனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "கைய ஆட்டாத கண்ணு, இடுப்புல இருந்து வரட்டும்" என்று சொல்லி, காலால் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். அவன் மறுபடி கொட்டினான், மறுபடியும் கொட்டினான். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ உமி மட்டும் முன்னால் பறந்தது. அவன் அந்த இடத்திலேயே முக்கால் மணி நேரம் நின்று புடைத்தான். கோடைப் பயிற்சி முகாம்களில் நான் குறிப்பெடுத்தும் பிடிபடாத ஒன்றை அவர் எங்கும் எழுதிவைக்காமல் செய்தார்.

அவரைத் தெய்வமாக்கவும் நான் விரும்பவில்லை. அதே வாரம், முறம் பிடிக்கத் தெரியாத ஒரு சிறுமியிடம் எல்லோர் முன்னிலையிலும், "பொம்பளப் புள்ளைக்கு இது கூட வராதா?" என்று கேட்டுவிட்டார், அவள் முகம் வாடிவிட்டது. ஆணும் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஸ்வெட்டர் ஊசி பிடித்துப் பின்னும் பள்ளி இது. அன்று மாலை அவரோடு பேசினேன், அவரும் என்னோடு பேசினார். என் சிவப்புப் பென்சிலின் கதையை அவரிடம் சொன்னேன். எனக்குத் தேவைப்பட்டது போலவே அவருக்கும் கடைசி வரிசையில் ஒருவர் தேவை. இந்தத் தீர்மானமோ அவரை அப்படி உட்கார வைத்துக் கற்பிக்காமல், முற்றத்தைக் கூட்ட மட்டும் அனுப்பிவிடுகிறது.

ஆகவே தீர்மானத்தைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறேன். வகுப்பாசிரியருக்குச் சட்டம் கேட்கும் தகுதி இருக்கட்டும், அதை அடையும் செலவைப் பள்ளி ஏற்கட்டும். வேளாண்மை, நெசவு, மரவேலை, வெள்ளி வேலை ஆகியவற்றைக் கற்பிப்போருக்கு ஏட்டுத் தகுதி கேட்காமல், ஓராண்டு மூத்த ஆசிரியரோடு வகுப்பில் இருந்து பழகும் காலத்தை முழு ஊதியத்தோடு வையுங்கள். கூட்டத்தில் எழுந்து கேட்ட கொலுசுப் பட்டறைத் தந்தையை ஏழாம் வகுப்புக்கு வாரம் ஒரு நாள் வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வருவார் என்றே நினைக்கிறேன், பொடி வைத்து ஊதுவதைப் பிள்ளைகளிடம் எப்போது கொடுக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். இதற்கான பணத்தை எங்கிருந்து எடுப்பது என்று கேட்பீர்கள். நுழைவாயில் வளைவுக்கென ஒதுக்கிய தொகை இன்னும் செலவாகவில்லை.

புதிய கல்வியாண்டுக்கான பதிவேடுகளை மே இறுதியில் சேலத்தில் வாங்கிவருவோம். இம்முறை ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் பெயர்களை எழுதும்போது பதினைந்தாவது பெயராக அவருடையதையும் எழுத அனுமதி வேண்டுகிறேன். விதைப்புக்கு முன் நிலத்தை உழ வேண்டும் என்பதால், தங்கள் முடிவை ஜூன் முதல் வாரத்துக்குள் அவருக்கே நேரில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு வகுப்பாசிரியை,
ஏற்காடு