'தீர்ப்பு ஒத்திவைப்பு' என்றால் என்ன பொருள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சார்நிலை நீதிமன்றங்களில் முப்பத்தோரு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். நீதிமன்றச் செய்திகளில் நாள்தோறும் புழங்கும் 'ஒத்திவை' என்ற வினைச்சொல்லைப் பற்றி நெடுநாளாக மனத்தில் இருக்கும் ஒரு குறையைத் தங்கள் பார்வைக்கு வைக்கவே இக்கடிதம்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் வசிக்கும் மூதாட்டி ஒருவர், செய்தித்தாளின் உள்பக்கத்தை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அவருடைய பிறந்த ஊரின் கண்மாய் ஆக்கிரமிப்பு தொடர்பான வழக்கைப் பற்றிய நான்கு வரிச் செய்தி அது. 'தீர்ப்பு ஒத்திவைப்பு' என்பது தலைப்பு. "திரும்பவும் வாய்தாவா தம்பி? நான் கண்ணை மூடுறதுக்குள்ள இது முடியாதா?" என்று கேட்டார். செய்தியைப் படித்துப் பார்த்தேன். இருதரப்பு வாதமும் முடிந்து, நீதிபதி தீர்ப்பு எழுதுவதற்காக வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டிருக்கிறார். பல ஆண்டுகள் நடந்த வழக்கு கடைசிப் படியை எட்டிய நாள் அது. அந்த நாளில்தான் அவர் நம்பிக்கை இழந்து வந்து நின்றார். அவர் படித்த சொல் அவருக்கு அப்படித்தான் பொருள் தந்தது. அவர் மீது பிழையில்லை.

சாட்சி வரவில்லை, வழக்கறிஞருக்கு உடல்நலமில்லை, ஆவணம் வந்து சேரவில்லை என்பன போன்ற காரணங்களால் விசாரணையை வேறொரு நாளுக்கு மாற்றுவது ஒரு செயல். நீதிமன்ற வளாகத்தில் வாய்தா என்று சொல்வது இதைத்தான். விசாரணை முழுவதும் முடிந்தபின், தீர்ப்பை உடனே சொல்லாமல் பின்னொரு நாளில் சொல்வதற்காக நிறுத்திவைப்பது முற்றிலும் வேறான செயல். முன்னதில் வழக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது, பின்னதில் முடிவை நெருங்குகிறது. இரண்டுக்கும் நாம் 'ஒத்திவைப்பு' என்ற ஒரே சொல்லைப் போடுகிறோம். 'தேதி குறிப்பிடாமல்' என்ற அடைமொழியும் உடன் சேர்ந்துவிட்டால், சட்டம் அறியாத வாசகர் வழக்கு கிடப்பில் போடப்பட்டதாகவே எடுத்துக்கொள்கிறார்.

இந்த வேறுபாடு வாசகருக்குப் பயன்படக்கூடியது என்பதால்தான் வலியுறுத்துகிறேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, விசாரணை முடிந்ததும் தீர்ப்பை உடனே சொல்ல வேண்டும், இயலாவிட்டால் 30 நாள்களுக்குள் சொல்ல முயல வேண்டும், அசாதாரணச் சூழலில் 60 நாள்களைத் தாண்டாமல் நாள் குறிக்க வேண்டும். உயர் நீதிமன்றங்களைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் 2001ஆம் ஆண்டில் நெறிமுறை வகுத்தது: நிறுத்திவைத்த தீர்ப்பு மூன்று மாதங்களுக்குள் வராவிட்டால் விரைவில் வழங்கக் கோரி வழக்காடிகள் மனுச் செய்யலாம், ஆறு மாதங்களைக் கடந்துவிட்டால் வழக்கை வேறு அமர்வுக்கு மாற்றும்படி தலைமை நீதிபதியிடம் கேட்கலாம். ஆகவே விசாரணை முடிந்த நாள் என்பது வழக்காடி தன் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டிய நாள். 'ஒத்திவைப்பு' என்ற தலைப்பு அந்த நாளை அவர் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது.

சில இதழ்கள் 'தள்ளிவைப்பு' என்று எழுதுகின்றன. அது இன்னும் இடர்மிக்கது. பேச்சு வழக்கில் 'மனுவைத் தள்ளிட்டாங்க' என்றால் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று பொருள். ஊரைவிட்டு விலக்குவதையும் மனைவியைக் கைவிடுவதையும் 'தள்ளிவைத்தல்' என்றே நம் மக்கள் சொல்கிறார்கள். மகனின் ஜாமீனுக்காகக் காத்திருக்கும் தாய் 'ஜாமீன் மனு தள்ளிவைப்பு' என்ற தலைப்பைப் படிக்கும் அந்த ஒரு நொடியை நினைத்துப் பாருங்கள். இலங்கைத் தமிழ் இதழ்கள் தேர்வையும் தேர்தலையும் பற்றி எழுதும்போது 'பிற்போடப்பட்டது' என்கின்றன. அந்தச் சொல்லில் இந்தக் குழப்பம் இல்லை. நாமும் எடுத்து ஆளலாம்.

நிகழ்ச்சி பிற்போடப்படுவதற்கும் கைவிடப்படுவதற்கும் உள்ள தொலைவை 2016ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் வாக்காளர்கள் நேரில் கண்டார்கள். மே 16 அன்று நடக்க வேண்டிய வாக்குப்பதிவு முதலில் மே 23க்கும், பிறகு ஜூன் 13க்கும் ஒத்திவைக்கப்பட்டது. அதன்பின் தேர்தல் அறிவிக்கையே ரத்தானது. புதிதாக அறிவிக்கை வெளியிடப்பட்டு நவம்பர் 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. ஒத்திவைத்தவரை பழைய வேட்புமனுக்கள் உயிரோடு இருந்தன. ரத்தானதும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு சொல் மாறினால் நடைமுறை முழுவதும் மாறுகிறது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

நாடாளுமன்றச் செய்திகளில் வரும் 'ஒத்திவைப்புத் தீர்மானம்' என்ற தொடரும் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அவையின் வழக்கமான அலுவல்களை நிறுத்திவிட்டு, அவசரமான ஒரு பொதுப் பிரச்சினையை உடனே விவாதிக்கக் கோருவதே அந்தத் தீர்மானம். மக்களவையில் அதற்கு அனுமதி கிடைக்க ஐம்பது உறுப்பினர்களாவது ஆதரிக்க வேண்டும். விரைவுபடுத்தக் கேட்பவரைப் பார்த்து, 'ஏன் ஒத்திவைக்கச் சொல்கிறார்?' என்று வாசகர் வியக்கிறார். 'அலுவல் ஒத்திவைப்புத் தீர்மானம்' என்று ஒரு சொல்லைக் கூட்டினால் எது ஒத்திவைக்கப்படுகிறது என்பது விளங்கிவிடும்.

காலம் எடுத்துக்கொள்வதெல்லாம் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. 'தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை' என்ற குறளில், தூங்குதல் என்பது காலம் தாழ்த்துதலைக் குறிக்கிறது. ஆறஅமரச் செய்ய வேண்டியதையும் உடனே செய்ய வேண்டியதையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்துப் பிரித்துக் காட்டியிருக்கிறார். தீர்ப்பு எழுத எடுத்துக்கொள்ளும் காலம் முதல் வகை. காரணமின்றி வாங்கும் வாய்தா இரண்டாம் வகையில் தவறுவது.

அந்த வாய்தாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'வழக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்ற செயப்பாட்டு வினையில், காலம் கேட்டவர் யார் என்பது காணாமல் போகிறது. உரிமையியல் வழக்கில் ஒரு தரப்பினருக்கு விசாரணையின்போது மூன்று முறைக்கு மேல் வாய்தா தரக்கூடாது என்ற விதி 2002 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒருவரின் கட்டுப்பாட்டை மீறிய சூழலில் மட்டும் அந்த விதியைத் தளர்த்தலாம் என்று விளக்கியது. பெரும்பாலான வழக்காடிகள் இதை அறியமாட்டார்கள். 'அரசுத் தரப்பு காலம் கேட்டதால் விசாரணை மூன்றாவது முறையாக ஒத்திவைப்பு' என்று ஒருமுறை அச்சில் வந்தால், அடுத்த முறை காலம் கேட்க எழுந்து நிற்பவர் சற்றுத் தயங்குவார்.

தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். விசாரணை வேறு நாளுக்கு மாறினால் மட்டும் 'ஒத்திவைப்பு' என்று எழுதி, யார் கேட்டு, எந்த நாளுக்கு என்பதையும் சேர்த்துத் தாருங்கள். தீர்ப்புக்காக நிறுத்தியிருந்தால் 'விசாரணை நிறைவு. தீர்ப்பு பின்னர்' என்று தலைப்பிடுங்கள். அதற்கும் ஒரு பத்தித் தலைப்பில் இடம் போதும்.

அந்த மூதாட்டிக்கு நான் விளக்கிச் சொன்னபோது, 'விசாரணை முடிந்தது' என்று செய்தியில் எந்த வரியில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். கடைசி வரியில் இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர்,
திருநெல்வேலி