கொள்வனவுப் பிரிவுக்கு: எண்ணெய் ஊறின பில்டரின் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்

மதிப்புக்குரிய கொழும்புத் தலைமை அலுவலகக் கொள்வனவுப் பிரிவினருக்கு, வணக்கம்.

தேயிலையை நிறம் பார்த்துக் காற்றை ஊதிப் பிரிக்கும் கலர் சோர்ட்டருக்குக் காற்று கொடுக்கும் கொம்ப்ரசர் லைனில், காற்றோடு வரும் எண்ணெய்த் துளிகளைப் பிடிக்க நீங்கள் மாற்றி அனுப்பிய எண்ணெய் பில்டர் பற்றி, ஃபெக்டரிப் பொறுப்பாளர் டீமேக்கர் ஐயா ஏற்கெனவே எழுதிவிட்டார். உங்கள் பதிலும் வந்தது: அதே அளவு, அதே மைக்ரோன் (எவ்வளவு நுண்ணிய துகள்வரை பிடிக்கும் என்ற கணக்கு), விலை குறைவு. மூன்றும் உண்மைதான். பில்டர்தான் வேலை செய்யவில்லை.

கழற்றிப் பார்த்தேன். பழைய பில்டரில் வெளியுறையின் அடியில் மட்டும் ஒரு பட்டை ஈரம் நிற்கும், மேலே காய்ந்திருக்கும். புதியது அடி முதல் உச்சி வரை ஊறிப்போய், விரலை வைத்தால் வழிகிறது. இதில் காற்று உள்ளிருந்து வெளியே போகும். நார் எண்ணெயில் நனைகிற இனம் என்பதால், பிடிபட்ட எண்ணெய் நாரோடு படர்ந்து, காற்று வெளியேறும் முகத்தில் ஏடு கட்டும். அதை உடனே கீழே இறக்கத்தான் அந்த வெளியுறை, அதாவது வடிப்புறை. நீங்கள் அனுப்பியதில் அந்த இடத்தில் மெல்லிய துணி ஒன்றுதான் இருக்கிறது. காற்று அந்த ஏட்டைக் குமிழி குமிழியாக உடைத்து, பிடித்த எண்ணெயையே திரும்பத் துளியாக்கி லைனுக்குள் அனுப்புகிறது.

எண்ணெயை விலக்குகிற நாரும் உண்டு. அதில் எண்ணெய் சேம்பிலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். ஏடு காற்று நுழையும் முகத்தில் கட்டும், அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவே அழுத்தம் செலவாகும். எது நல்லது என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. வடிப்பு, காற்றின் வேகம், எண்ணெயின் தடிப்பு எல்லாம் சேர்ந்த விஷயம் அது. இங்கே விடியற்காலைக் குளிரில் எண்ணெய் தடித்து மெதுவாகத்தான் வடியும். மைக்ரோன் கணக்கில் இதெல்லாம் தெரியாது.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: நார் எண்ணெயில் நனையுமா விலக்குமா, எண்ணெய் ஊறின நிலையில் அழுத்த இழப்பு எவ்வளவு, தப்பிப் போகும் எண்ணெய் எவ்வளவு என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். இப்படிப்பட்ட பில்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12500-1 பரிசோதனையும் ஊறின பில்டரைத்தான் அளக்கச் சொல்கிறது. அழுத்தக் காற்றின் தரத்துக்கான ஐஎஸ்ஓ 8573-1 இல் எண்ணெய்க்கு முதலாம் வகுப்பு என்றால் ஒரு கன மீட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை.

இந்த பில்டரைத் தாண்டிப் போன எண்ணெய் சோர்ட்டரின் காற்று வால்வுகளில் ஒட்டி, அதில் தூள் படிந்து, சோர்ட்டர் நின்றது. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அன்றைய தூளை டீமேக்கர் தனியே ஒதுக்கினார். சோர்ட்டிங் அறைப் பெண்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். விடிய வந்து, ஓடாத மெஷின் முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அரைப்பேர்! பில்டரில் மிச்சம் பிடித்த காசு யாருடைய சம்பளத்திலிருந்து போனது என்று எழுத உங்கள் கணக்கில் இடம் இருக்கிறதா?

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்டபோதும் இதே கதைதான். அதே நீளம், அதே அகலம், விலை குறைவு. தடிப்பைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சரி, அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

அடுத்த ஓர்டருக்கு முன் தயவுசெய்து அந்த ஊறின நிலைக் கணக்கை வாங்கி, ஒரு பிரதியை ஃபெக்டரிக்கும் அனுப்பிவையுங்கள். அதுவரை பழைய வகையிலேயே இரண்டு பில்டர் அனுப்பினால் பெரிய உதவி. பிரிக்காமல் கிடக்கும் புதுப் பெட்டிகளை எந்த முகவரிக்குத் திருப்பி அனுப்புவது என்றும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் ஃபெக்டரி மெக்கானிக்